வீட்டு இன்சூரன்ஸ் ஃபாரத்தில் எதை எழுதணும், எதை மறைத்தால் எப்படி மாட்டுவீர்கள்

கிளைம் மறுப்புக் கடிதங்களில் ஒரு வாசகம் திரும்பத் திரும்ப வரும்: "புரோபோசல் ஃபாரத்தில் முக்கியத் தகவல் மறைக்கப்பட்டுள்ளது." பாலிசி கேட்டுக் கொடுக்கும் விண்ணப்பமான அந்த ஃபாரம் நிரப்பப்பட்ட நாளில் அது ஐந்து நிமிஷ வேலை. வீட்டுக் கடன் வாங்கிய வங்கியின் மேசையிலோ, ஏஜென்ட்டின் வண்டி சீட்டின் மேலோ வைத்து, "கையெழுத்து மட்டும் போடுங்க சார், மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்று வாங்கிப் போன தாள். மூன்று வருஷம் கழித்து வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து வடிந்த பிறகு, சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பும் சர்வேயர் கையில் முதலில் இருப்பது அந்தத் தாள்தான்.

வேண்டுமென்றே ஏமாற்றுகிறவர்கள் இதில் குறைவு. தன் பேரில் என்ன எழுதப்பட்டது என்பதையே படிக்காதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டுகிறார்கள். வேலூர், காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள், சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது, இன்றைக்கே எப்படிச் சரி செய்துகொள்ளலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

எந்த பாலிசி, எவ்வளவு தொகை

2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் வீட்டுக்கு ஒரே மாதிரி வாசகம் கொண்ட பாலிசியை விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ ஏற்பாடு செய்தது. அதன் பெயர் பாரத் கிருஹ ரக்ஷா. தீ, இடி மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, கலவரம் எல்லாம் இதில் அடங்கும். திருட்டு மட்டும் ஜாக்கிரதை. மேலே சொன்ன சேதம் ஏதாவது நடந்து, அதிலிருந்து 7 நாளுக்குள் திருடு போனால்தான் இதில் கிடைக்கும். ஊருக்குப் போன நேரத்தில் பூட்டை உடைத்து பீரோவைக் காலி செய்தால் கிடைக்காது. அதற்குத் தனி பர்க்ளரி பாலிசி வேண்டும்.

தொகையை எப்படி எழுதுவது என்பதிலேயே முதல் குழப்பம் தொடங்கிவிடுகிறது. மனை விலை இதில் சேராது. வீடு இடிந்தால் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்பதுதான் கணக்கு. கார்பெட் ஏரியாவை, அதாவது சுவர்களுக்கு உள்ளே கால் வைத்து நடக்கும் பரப்பை, இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்குங்கள். 900 சதுர அடி, சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்தால் 18 லட்சம். வீட்டுச் சாமான்களுக்கு இதில் 20 சதவீதம், அதாவது 3.6 லட்சம், பட்டியல் கொடுக்காமலேயே தானாகச் சேரும். இந்தத் தானியங்கிச் சேர்க்கைக்கு உச்சவரம்பு 10 லட்சம். சத்துவாச்சாரியில் மனையோடு சேர்த்து 70 லட்சம் பெறும் வீடு என்பதற்காக 70 லட்சம் எழுதுவது மோசடி ஆகாது. ஆனால் வீண் பிரீமியம். சேதம் நடந்தால் கட்டுமானச் செலவுக்கு மேல் ஒரு ரூபாய்கூட வராது.

நகை, வெள்ளி, ஓவியம் போன்றவை சாமான் கணக்கில் வராது. தனியாகச் சேர்க்க வேண்டும். மொத்தம் 5 லட்சத்துக்குள்ளும் ஒவ்வொரு உருப்படியும் 1 லட்சத்துக்குள்ளும் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். அதற்கு மேல் போனால் கேட்பார்கள். சான்றிதழைத் தவிர்க்க வேண்டும் என்று ஒரே ஆரத்தை இரண்டு சங்கிலியாக எழுதச் சொல்லும் யோசனையை யார் கொடுத்தாலும் கேட்காதீர்கள். அங்கேயே பொய் ஆரம்பித்துவிடுகிறது.

சட்டம் எதை "மறைத்தது" என்கிறது

இன்சூரன்ஸ் என்பது முழு நம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம். வீட்டைப் பற்றித் தெரிந்தவர் நீங்கள். நிறுவனத்துக்கு உங்கள் வாய்மொழியை விட்டால் வழியில்லை. ஆகவே, பாலிசி தருவதா, என்ன பிரீமியம் போடுவது என்று முடிவெடுக்கும் ஒரு கவனமான நிறுவனத்தின் மனதை மாற்றக்கூடிய எதையும் சொல்லியாக வேண்டும். 2009-ல் ஒரு மெடிக்ளைம் வழக்கில் உச்ச நீதிமன்றம் "முக்கியத் தகவல்" என்பதற்குச் சொன்ன விளக்கத்தின் சாரம் இதுதான். சுவரின் பெயின்ட் நிறத்தைத் தப்பாகச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. கூரை ஓலை என்பதை கான்கிரீட் என்று எழுதினால் எல்லாமே ஆட்டம் காணும்.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, இதை இரண்டாகப் பிரிக்கிறது. தெரிந்தே, ஏமாற்றும் நோக்கத்தோடு பொய் சொல்வது 17-ஆம் பிரிவு, மோசடி. உண்மை என்று நம்பித் தப்பாகச் சொல்வது 18-ஆம் பிரிவு, தவறான கூற்று. இரண்டிலும் 19-ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தை ரத்து செய்ய எதிர்த்தரப்புக்கு உரிமை உண்டு. அப்படியானால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? மோசடி என்று நிரூபணமானால் கட்டிய பிரீமியமும் போய்விடும், கிரிமினல் வழக்குக்கும் கதவு திறக்கும். தெரியாமல் நடந்த தவறு என்றால் பேச இடம் இருக்கிறது. அதே 19-ஆம் பிரிவில் உங்களுக்குச் சாதகமாக ஒரு விதிவிலக்கும் உண்டு: சாதாரண அக்கறை காட்டியிருந்தாலே உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்றால், தவறான கூற்றைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. பாலிசி தருவதற்கு முன் நிறுவனத்தின் ஆள் வீட்டை நேரில் வந்து பார்த்திருந்தால் இந்த வாதத்துக்குக் கனம் கூடும்.

"மூணு வருஷம் ஓடிட்டா யாரும் கேள்வி கேக்க முடியாது" என்று டீக்கடை வரை ஒரு சட்டம் உலவுகிறது. அது காப்பீட்டுச் சட்டம், 1938-ன் 45-ஆம் பிரிவு. ஆயுள் காப்பீட்டுக்கு மட்டும். மருத்துவக் காப்பீட்டில் தொடர்ந்து 60 மாதம் ஓடினால் மோசடி தவிர மற்றதைக் கிளறக் கூடாது என்ற விதி உண்டு. வீட்டுக் காப்பீட்டில் இப்படி எந்தக் காலக்கெடுவும் கிடையாது. பத்து வருஷப் பாலிசியின் ஒன்பதாவது வருஷத்திலும் முதல் நாள் ஃபாரத்தை எடுத்துக் கேட்கலாம்.

கிரிமினல் பக்கம்: 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா அமலில் இருக்கிறது. பழைய 420 இப்போது 318(4). ஏமாற்றிச் சொத்தோ பணமோ பெறுவதற்கு 7 வருஷம் வரை சிறை, அபராதம். ஏமாற்றுவதற்காகப் பொய் ஆவணம் தயாரிப்பது 336(3), அதற்கும் 7 வருஷம் வரை. போலி என்று தெரிந்தே அதை அசல் போலக் கொடுப்பது 340. ஃபாரத்தில் ஒரு தவறு இருந்ததற்காக வீட்டுக்குப் போலீஸ் வராது. போலி பில், தானே வைத்த தீ, செட்டப் திருட்டு என்று போகும்போதுதான் இந்தப் பிரிவுகள் வரும்.

நம் பக்கத்தில் எழுதாமல் விடப்படுபவை

பயன்பாடுதான் முதலில் மாட்டிவிடும் கட்டம். ஃபாரத்தில் "குடியிருப்பு" என்று ஒரு டிக். ஆனால் தோட்டப்பாளையம், காகிதப்பட்டறை பக்கம் சிஎம்சி மருத்துவமனைக்கு சிகிச்சைக்கு வருபவர்களுக்காக மாடியை நான்கு அறையாகத் தடுத்து, தினவாடகைக்கு விட்டிருப்பார்கள். அறைக்கு ஒரு சின்ன கேஸ் அடுப்பு, ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஃபேனும் இண்டக்ஷனும் சார்ஜரும். காட்பாடியில் அதே கதை கல்லூரி மாணவர்களுக்கான பிஜி ஹாஸ்டலாக இருக்கும். குடியாத்தத்தில் முன்கூடத்தில் தறி. பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் ஷூ அப்பர் தைக்கும் ஜாப் ஒர்க், மூலையில் பசை சொல்யூஷன் டின்கள். தீபாவளிக்கு முன் ஒரு மாதம் பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் அடுக்கி வைத்து விற்பவர்களும் உண்டு. உரிமம் இல்லாமல் பட்டாசு விற்பது குற்றம். மற்றவற்றைக் குற்றம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் தீ அபாயத்தைப் பல மடங்கு ஏற்றும். ஆகவே எழுதித்தான் ஆக வேண்டும். ஒரு குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விட்டிருந்தால் அது குடியிருப்புதான். ஆனாலும் "வாடகைக்கு விடப்பட்டுள்ளது" என்று எழுதுங்கள்.

மறைத்தால் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். ஈபி கார்டு சொல்லிவிடும். வீட்டு இணைப்பு என்றால் கட்டண வகை 1-ஏ. கடை, லாட்ஜ் என்றால் 5. விசைத்தறி, குடிசைத் தொழில் என்றால் 3-ஏ. சர்வேயர் கேட்கும் முதல் சில காகிதங்களில் மின் கட்டண ரசீது நிச்சயம் இருக்கும். 1-ஏ இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 1,800 யூனிட் ஓடியிருந்தால் அடுத்த கேள்வி என்ன என்று சொல்லத் தேவையில்லை. எரிந்த மாடியில் ஐந்து கேஸ் ரெகுலேட்டரும் எட்டு இரும்புக் கட்டிலும் கிடந்தால் அதற்கு ரசீதே வேண்டாம்.

தொழில் இருந்தால் என்ன செய்வது? கட்டடத்தையும் தொழிலையும் பிரித்துக் காட்டி எழுத்தில் கேளுங்கள். மொத்த மதிப்பு 5 கோடிக்குள் இருக்கும் சிறு தொழிலுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பாலிசி இருக்கிறது. தறி, நூல், தைத்த சரக்கு எல்லாம் அதில் போகும். பிரீமியம் கொஞ்சம் கூடும். கூடுதல் பிரீமியத்தைச் சேமிக்கப் போய் வீட்டையே பாலிசிக்கு வெளியே நிறுத்துவது என்ன கணக்கோ தெரியவில்லை.

அடுத்தது கூரை. சுவரோ கூரையோ ஓலை, வைக்கோல், மூங்கில், மரப்பலகை, தார்ப்பாய், பிளாஸ்டிக் என்றால் இன்சூரன்ஸ் மொழியில் "கச்சா" கட்டடம். கான்கிரீட் வீட்டை "பக்கா" என்று எழுதியது சரி. ஆனால் மொட்டை மாடியில் வெயிலுக்காகப் போட்ட கீற்றுக் கொட்டகை? வேலூர் வெயிலில் அது இல்லாத தெரு இல்லை. பின்பக்கம் மாட்டுக் கொட்டகை, அதன் மேல் வைக்கோல் போர்? அவற்றைத் தனி வரியில் எழுதுங்கள்: "மாடியில் 12-க்கு 15 அடி கீற்றுக் கொட்டகை உள்ளது." ஓல்டு டவுனில் இருக்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளை, அதாவது மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரையை, பலர் "ஆர்சிசி" என்று டிக் அடித்துவிடுகிறார்கள். அதுவும் தவறு. நாட்டு ஓடோ மங்களூர் ஓடோ சிமென்ட் ஷீட்டோ, இருப்பதை இருக்கிறபடி எழுதுங்கள். ஒரே வீட்டில் இரண்டு வகை என்றால் இரண்டையும்.

கட்டடத்தின் வயதையும் உண்மையாகச் சொல்ல வேண்டும். 2021 நவம்பர் மழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சுவரில் விரல் நுழையும் விரிசல் இருக்கிறது, பொறியாளர் "காலி பண்ணுங்க" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றால், அது கட்டாயம் சொல்ல வேண்டிய தகவல். மறைத்துவிட்டு மழையில் சுவர் விழுந்தது என்று கிளைம் போட்டால், விரிசலில் வளர்ந்திருக்கும் அரசங்கன்றே சாட்சி சொல்லும்.

வெள்ளம். "இதற்கு முன் இந்த இடத்தில் வெள்ளச் சேதம் ஏற்பட்டதா?" என்று ஃபாரம் கேட்டால், நிக்கல்சன் கால்வாய் ஓரம் கன்சால்பேட்டையில் இருப்பவர் "இல்லை" என்று எழுதுவது எந்த விசாரணையிலும் நிற்காது. தெருவில் தண்ணீர் நின்ற படம் அந்த வருஷப் பத்திரிகையிலேயே இருக்கும். பாலாறு, அகரம் ஆறு, ஏரி ஓரம் எல்லாவற்றுக்கும் இதேதான். வருஷம், தண்ணீர் ஏறிய உயரம், பழுது பார்த்த செலவு மூன்றையும் எழுதிவிட்டால் முடிந்தது.

மாடி கட்டியதைச் சொல்லாமல் விடுவது தனி ரகம். பாலிசி எடுத்தபோது தரைத்தளம் மட்டும். அதன்பின் மகனுக்குக் கல்யாணம், மேலே ஒரு போர்ஷன். பாரத் கிருஹ ரக்ஷாவில், தொடங்கிய நாளிலோ கடைசி ரினியூவலிலோ இருந்த கார்பெட் ஏரியாவை விட 10 சதவீதத்துக்கு மேல் கூட்டிக் கட்டினால், கூடுதல் பிரீமியம் கட்டி எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியில் மாற்றத்தைப் பதிவு செய்து தரும் தாள், வாங்காதவரை அந்தக் கூடுதல் பகுதிக்குப் பாதுகாப்பு இல்லை. 900 சதுர அடி வீட்டுக்கு 90 சதுர அடிதான் எல்லை. ஒரு பாத்ரூமும் ஒரு பால்கனித் தடுப்பும் போட்டாலே எல்லையைத் தொட்டுவிடும்.

கடைசியாக, பழைய கிளைம், வேறு நிறுவனம் மறுத்த பாலிசி, அதே வீட்டுக்கு இருக்கும் இன்னொரு பாலிசி. வீட்டுக் கடனோடு வங்கி எடுத்த பாலிசி இருப்பதே பலருக்குத் தெரியாது. கடன் கணக்கு அறிக்கையில் "இன்சூரன்ஸ்" என்று பிடித்த தொகை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பாலிசி இருப்பது தப்பில்லை. இரண்டு இடத்திலும் முழுத் தொகை வாங்க முயல்வதுதான் தப்பு.

நிரப்பும் நாளில்

வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம். இந்த ஒன்றைச் செய்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும். ஏஜென்ட்டோ வங்கி ஊழியரோ எழுதினாலும் கையெழுத்து உங்களுடையது. எழுதியதை நீங்கள் ஒப்புக்கொண்டதாகத்தான் நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். வேறொருவர் நிரப்பினால், "கேள்விகள் எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டன, பதில்கள் என்னுடையவை" என்ற உறுதிமொழிக் கட்டம் ஃபாரத்தின் கடைசியில் இருக்கும். அதில் கையெழுத்து வாங்கும்போதாவது நிறுத்திப் படியுங்கள். ஆங்கிலம் வராது என்றால் வரும் ஒருவரை உட்கார வைத்து ஒவ்வொரு கட்டமாகக் கேளுங்கள். அரை மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

மேசையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: வீட்டு வரி ரசீது, ஈபி கார்டு, பத்திர நகல், கட்டட அனுமதி வரைபடம், ஒரு டேப். வரி ரசீதில் 640 சதுர அடி, நேரில் அளந்தால் 980 என்றால் ஃபாரத்தில் 980 எழுதுங்கள். மாநகராட்சிக் கணக்கில் குறைவாக இருப்பதைக் கட்டிக் காக்க இன்சூரன்ஸிலும் குறைத்து எழுதுகிறவர்கள் உண்டு. பாரத் கிருஹ ரக்ஷாவில் தொகை குறைவாக எடுத்துவிட்டார் என்று விகிதாசாரமாக வெட்டக் கூடாது என்ற சலுகை இருக்கிறது. பரப்பையே குறைத்துச் சொன்னவர் அந்தச் சலுகையைக் கேட்டுப் போனால், முதலில் பொய்க்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

தெரியாத கேள்விக்கு ஊகித்து எழுதாதீர்கள். "வயரிங் எந்த வருஷம் மாற்றப்பட்டது?" என்றால் "தெரியாது, 2014-ல் வீடு வாங்கியபோது இருந்த வயரிங்" என்பது நேர்மையான, முழுமையான பதில். கட்டத்தைக் காலியாக விடவும் வேண்டாம். காலிக் கட்டத்தோடு ஃபாரத்தை ஏற்று, பிரீமியமும் வாங்கி, பாலிசியும் கொடுத்த நிறுவனம் பின்னால் அதே கட்டத்தைக் காட்டி "மறைத்தார்" என்று சொல்ல முடியாது என்று 2021 டிசம்பரில் ஒரு மெடிக்ளைம் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தப் பலன் கைக்கு வர வழக்கு நடத்த வேண்டும். நான்கு வார்த்தை எழுதிவிடுவது சுலபம்.

இடம் போதாத விஷயங்களை வெள்ளைத் தாளில் எழுதி, கையெழுத்திட்டு, "இணைப்பு 1" என்று ஃபாரத்தோடு பின் செய்யுங்கள். ஏஜென்ட் வாயால் "அதெல்லாம் தேவையில்லை" என்றாலும் கொடுங்கள். வாயால் சொன்னதை நிரூபிப்பது கஷ்டம், தாள் பேசும். சமர்ப்பிக்கும் முன் எல்லாப் பக்கத்தையும் ஃபோனில் படம் எடுத்து, உங்கள் ஈமெயிலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். பாலிசி வரும்போது புரோபோசல் நகலும் வர வேண்டும். வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். உங்கள் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூரைக் கட்டத்தில் நீங்கள் எழுதாத ஒரு டிக் முளைத்திருந்தால் அன்றே ஈமெயில் போடுங்கள்.

ஃபோனிலோ ஆப்பிலோ எடுத்த பாலிசி என்றால், நீங்கள் சொன்னதை அவர்கள் பதிவு செய்து உறுதிப்படுத்த அனுப்ப வேண்டும். பதிவாகாத தகவலை "சொல்லவில்லை" என்று வாதிட்டால், அதை நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் மேல். ஆகவே அந்த உறுதிப்படுத்தல் ஈமெயிலை அழிக்காமல் வையுங்கள்.

ஏற்கெனவே தப்பாகப் போயிருந்தால்

சேதம் நடப்பதற்கு முன் திருத்தினால் அது வெறும் காகித வேலை. நடந்தபின் திருத்தினால் வழக்கு. இப்படி ஒரு கடிதம் போதும்:

"பொருள்: பாலிசி எண் ……-ல் தகவல் திருத்தம். மேற்கண்ட பாலிசியின் புரோபோசல் ஃபாரத்தில் கட்டடம் முழுவதும் குடியிருப்பு என்று பதிவாகியுள்ளது. முதல் மாடியில் 3 அறைகள் தினவாடகைக்கு விடப்படுகின்றன. மாடியின் கார்பெட் ஏரியா 420 சதுர அடி. இந்த விவரத்தைப் பதிவு செய்து, கூடுதல் பிரீமியம் இருந்தால் தெரிவித்து, எண்டார்ஸ்மென்ட் வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்த மாடிக்கு உங்களால் பாதுகாப்பு வழங்க இயலாது எனில் அதையும் எழுத்தில் தெரிவிக்கவும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பதில் வராமலே இருப்பதுதான் பெரிய தொல்லை. அந்த வரி இருந்தால் பதில் சொல்லியாக வேண்டிய நிலை வரும். கிளை அலுவலகத்தில் நேரில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள், அதையே நிறுவனத்தின் ஈமெயிலுக்கும் அனுப்புங்கள். எண்டார்ஸ்மென்ட் தாள் கைக்கு வரும்வரை வேலை முடியவில்லை. உண்மையைச் சொன்னதும் பாலிசியைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். 2024-ல் ஐஆர்டிஏஐ கொடுத்த உத்தரவின்படி, தனிநபர் பாலிசியை நிறுவனம் நிரூபணமான மோசடிக்காக மட்டுமே, குறைந்தது 7 நாள் நோட்டீஸ் கொடுத்து ரத்து செய்யலாம்.

கிளைம் நேரத்துப் பொய்

ஃபாரத்தில் முழு உண்மை எழுதிய மனிதர்கூட சேதத்துக்குப் பிறகு சறுக்குவது இங்கேதான். 2 லட்சம் நஷ்டம், "எப்படியும் பாதியாக வெட்டுவாங்க" என்று 4 லட்சம் எழுதுவது. இப்படிச் சேர்த்த ஒரே ஒரு பொய் உருப்படி, உண்மையான 2 லட்சத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மோசடியான கிளைமுக்குப் பணம் இல்லை என்பது பாலிசியின் நிபந்தனை.

சர்வேயர் சாம்பலைப் படிப்பார். ஃபிரிட்ஜின் கதவு உருகும், உள்ளே இருக்கும் கம்ப்ரசர் இரும்புக் குண்டாக அப்படியே கிடக்கும். மிக்ஸி எரிந்தால் செம்புச் சுருள் மிஞ்சும். பட்டியலில் இரண்டு ஃபிரிட்ஜ், சாம்பலில் ஒரு கம்ப்ரசர் என்றால் கணக்கு உதைக்கும். பட்டுப்புடவை பீரோவில் இருந்தது என்றால், எந்தத் தட்டு, அந்தத் தட்டின் தகரம் எவ்வளவு நிறம் மாறியிருக்கிறது என்றும் பார்ப்பார். பில்லையும் சும்மா விடமாட்டார்கள். ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலை 1-ல். 2016 தேதி போட்ட பில்லில் ஜிஎஸ்டி எண் இருந்தால் அது பின்னால் அடித்த பில். தமிழ்நாட்டுக் கடையின் எண் 33-ல் தொடங்கும். எண்ணைப் போட்டு இணையத்தில் பார்த்தால் கடை எப்போது பதிவானது என்று ஒரு நிமிஷத்தில் தெரியும். பில் இல்லையா? இல்லை என்று சொல்லுங்கள். பழைய புகைப்படம், கார்டில் கட்டிய விவரம், வாரன்ட்டி அட்டை, கல்யாண வீடியோவில் பின்னால் தெரியும் டிவி, எல்லாம் ஆதாரம்தான். தெரிந்த கடையில் பில் புக்கை வாங்கி எழுதிக்கொள்வதுதான் 336-க்குப் போகும் வழி.

சேதம் நடந்ததும் தீயணைப்புத் துறைக்கோ போலீசுக்கோ சொல்லி அந்தச் சான்றை வாங்குங்கள், நிறுவனத்துக்கு அன்றே தெரிவியுங்கள், சர்வேயர் பார்க்கும்வரை எரிந்ததை அப்புறப்படுத்தாதீர்கள். சர்வேயர் 24 மணி நேரத்துக்குள் நியமிக்கப்பட வேண்டும், 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வந்து 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். அவர் வாக்குமூலம் எழுதி வாங்கினால் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், உங்களுக்கும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். "மாடியில் யார் இருந்தாங்க?" என்ற கேள்விக்கு "சொந்தக்காரங்க" என்று அவசரத்தில் சொன்ன ஒரு வார்த்தை, ஃபாரத்தில் இருந்த சின்னத் தவறைப் பெரிய மோசடியாக்கிவிடும்.

மறுத்துவிட்டார்கள் என்றால்

கடிதத்தை இரண்டு தரம் படியுங்கள். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் பொய் என்று சொல்கிறார்கள்? ஃபாரத்தில் அந்தக் கேள்வி இருந்ததா? மறைத்ததாகச் சொல்வதற்கும் நடந்த சேதத்துக்கும் என்ன சம்பந்தம்? கேட்காத கேள்வி, பாலிசி கொடுக்கும் முன்பே நிறுவனத்துக்குத் தெரிந்திருந்த உண்மை, உங்களுக்கே காட்டப்படாத விலக்கு நிபந்தனை, இந்த மூன்றும் உங்கள் பக்கம் பேசும். 2022 நவம்பரில் டெக்ஸ்கோ மார்க்கெட்டிங் வழக்கில், அடித்தளத்தில் இருந்த கடை எரிந்தது. பாலிசியில் அடித்தளத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்ற நிபந்தனை இருந்தது. அடித்தளக் கடை என்று தெரிந்தே, வந்து பார்த்தே பாலிசி விற்ற நிறுவனம் அந்த நிபந்தனையின் பின்னால் ஒளிய முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 2019-ல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில், மறுப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தைப் பின்னால் நீதிமன்றத்தில் புதிதாக எடுத்துவரக் கூடாது என்றது. ஆகவே அந்தக் கடிதத்தின் வாசகம் தங்கம். பத்திரமாக வையுங்கள். மறைத்தார் என்பதை நிரூபிக்க வேண்டியதும் நிறுவனம்தான்.

சர்வே அறிக்கையின் நகலைக் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பிறகு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ அதைப் பதிவு செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் ஒப்பவில்லை என்றால் சென்னை தேனாம்பேட்டை அண்ணா சாலையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், அதாவது ஆம்பட்ஸ்மன். வேலூரும் அவர் எல்லைக்குள்தான். 50 லட்சம் வரை விசாரிப்பார். கட்டணம் கிடையாது, வக்கீல் வரக் கூடாது. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். அவர் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. எந்த ஆணையம் என்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் கட்டிய தொகையை வைத்து முடிவு செய்கிறார்கள். நீங்கள் கட்டியது பிரீமியம்தான் என்பதால், 30 லட்சம் கிளைம் என்றாலும் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணமும் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு கதவையும் தட்ட முடியாது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடந்தால் ஆம்பட்ஸ்மன் எடுக்கமாட்டார். ஆகவே முதலில் ஆம்பட்ஸ்மனிடம் போங்கள். அங்கே சரிவரவில்லை என்றால், மறுப்புக் கடிதத் தேதியிலிருந்து எண்ணி இரண்டு வருஷம் முடிவதற்குள் ஆணையத்தில் மனு விழுந்திருக்க வேண்டும்.